இரண்டு சூரியோதயம்

வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் ஒருவர் அலுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் வேலை பார்க்கும் அவர் மகன், சிங்கப்பூரில் விமானம் மாறி ஊர் வந்து சேர ஒரு நாள் ஆகிவிட்டதாம். "உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பே விட்டுப் போச்சுங்கிறான் அண்ணே!" என்றார்.

அதே பெர்த்திலிருந்து ஒரு காலத்தில் கிளம்பிய வேறு பிரயாணிகளை நான் நினைத்துக்கொண்டேன்.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. லண்டனுக்கும் ஸிட்னிக்கும் இடையே இருந்த ஆகாய மார்க்கம் நடுவில் அறுந்தது. அறுந்ததை முடிச்சுப் போட வேண்டுமானால் இந்து மகா சமுத்திரத்தை ஒரே தாவில் தாண்டியாக வேண்டும். 1943-இல் க்வான்டாஸ் கம்பெனி அந்தக் காரியத்தில் இறங்கியது. பெர்த்தில் ஸ்வான் நதியில் எழும்பி, இலங்கையில் காலிக்கு அருகே கொக்கல ஏரியில் இறங்குவது. தூரம் 3,513 மைல்.

காட்டலினா என்னும் அந்த நீர்விமானம் மணிக்கு நூற்றிருபது மைலுக்கு மேல் அதிகம் போகாது. ஆகவே காற்று அனுகூலமாக இருந்தால் 27 மணி நேரம்; எதிர்த்து அடித்தால் 32 மணிக்கும் மேல். பாரமெல்லாம் பெட்ரோல்தான். மிச்சத்தில் மூன்று பிரயாணிகளும் 69 கிலோ தபாலும் அடங்க வேண்டும். புறப்பட்ட முதல் சில மணி நேரத்தில் ஓர் இயந்திரம் நின்றால், மற்றொன்று அந்தப் பாரத்தைத் தாங்காது. அனுமார் கூட இடையில் மைநாகத்தைக் கண்டார். இவர்களுக்கு அதுவும் இல்லை.

ஜப்பானியர் உலவும் பகுதியை இரவில் கடந்தார்கள். ரேடியோவில் பேசக் கூடாது. வழிகாட்ட நட்சத்திரங்கள்தாம். ஐந்து விமானங்களுக்கும் அவற்றின் பெயரையே வைத்திருந்தார்கள். நாம் சித்திரை, கேட்டை, திருவோணம் என்று சொல்லும் ஸ்பைகா, அன்டாரிஸ், ஆல்டேர் அவற்றில் மூன்று. ஒரே பிரயாணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். "இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்" என்று அதற்கு வேடிக்கையாக ஒரு பெயர். 1945 வரை 271 தடவை கடலைத் தாண்டினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. 2018 மார்ச் மாதம் பெர்த்துக்கும் லண்டனுக்கும் நேர் விமானம் தொடங்கியபோது, 9,000 மைல் 17 மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

கொக்கலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1890-இல் பிறந்த ஊர் அது. யுத்தத்துக்காக அங்கே விமானதளம் அமைத்தபோது ஜனங்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். மூட்டை முடிச்சுடன் நடந்தவர்கள் எத்தனை மைல் போனார்கள் என்பதை யார் கணக்கு வைத்தார்கள்? விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவல் 1944-இல் வெளியாயிற்று. ஒரு தென்னிலங்கைக் கிராமம் மாறிப்போவதுதான் கதை. அவருடைய கிராமம் இருந்த இடத்தில் அப்போது விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

யுத்தம் முடிந்ததும் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தப்படி அந்த விமானங்களைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். விக்கிரமசிங்க பிறந்த வீடு மட்டும் எப்படியோ தப்பியது. இப்போது அங்கே ஒரு பொருட்காட்சிசாலை இருக்கிறது.