ஒருமுறை 'லிஃப்ட்' செய்த மார்பகத்தை மறுபடி குறைக்கலாமா? ஒரு காம்பின் ரத்த ஓட்டக் கதை

1/
தொய்வுக்காக மார்பக 'லிஃப்ட்' அறுவை சிகிச்சை செய்து சில வருஷம் ஆச்சு. அப்புறம் எடை கூடுது, அல்லது ஒரு பிரசவம், அல்லது மாதவிடாய் நிற்கும் வயசு. மார்பகம் மறுபடி பெருத்துடுது. கழுத்து வலி, முதுகு வலி, தோளில் பிரா பட்டை அழுத்திய பள்ளம், மார்புக்கு அடியில் வேர்வைப் புண். "டாக்டர், இன்னொரு தடவை கத்தி வச்சுக் குறைச்சுக்கலாமா? ஆபத்தா?"

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இதை ஓபி வரிசையில் நின்னு யாரும் சத்தமா கேட்க மாட்டாங்க. அதனால இங்கே எழுதறேன்.

2/
சுருக்கமான பதில்: பெரும்பாலானவங்களுக்கு முடியும். ஆனா எவ்வளவு பாதுகாப்புங்கறது, முதல் அறுவையில் உள்ளே என்ன செஞ்சாங்க என்பதைப் பொறுத்தது.

ஏன்னு புரியணும்னா கொஞ்சம் வரலாறு தெரியணும். நான் பிளாஸ்டிக் சர்ஜன் இல்லை, அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். இது உங்க சர்ஜனுக்குப் பதிலா இல்லை. அவர்கிட்ட என்ன கேட்கணும்னு தெரிஞ்சுக்கத்தான்.

3/
மல்லிகைக் கொடியைப் பதியன் போடறது பார்த்திருப்பீங்க. கொடியைத் தாய்ச் செடியிலிருந்து வெட்டாம வளைச்சு மண்ணில் புதைப்பாங்க. புது வேர் விட்ட பிறகுதான் வெட்டுவாங்க. அவசரப்பட்டு முன்னாடியே வெட்டினா காய்ஞ்சிடும்.

நம்ம நாட்டு வைத்தியர்கள் இதையே மனுஷத் தோலில் செஞ்சிருக்காங்க. 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மென்ஸ் மேகசின்' இதழில் ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் 1792 மைசூர்ப் போரில் திப்பு படையிடம் சிக்கி மூக்கறுபட்டவர். அவருக்குப் புனே பக்கம் ஒரு நாட்டு வைத்தியர் நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு செஞ்ச கதைதான் அந்தக் கடிதம். நெற்றித் தோலை முழுசா வெட்டி எடுக்கலை. புருவங்களுக்கு நடுவில் ஒரு சின்னத் தோல் இணைப்பை விட்டுவச்சு, ஏறக்குறைய 25ஆம் நாள்தான் அதை வெட்டினாங்க. இதைப் படிச்ச லண்டன் சர்ஜன் ஜோசப் கார்ப்யூ 1814இல் அதே முறையில் மூக்கு செஞ்சார். நவீன பிளாஸ்டிக் சர்ஜரி வரலாற்றில் அது ஒரு முக்கியத் திருப்பம்.

ரத்தம் வர்ற அந்த இணைப்புத் தண்டுக்குத்தான் 'பெடிக்கிள்'னு பேர். இனிமே கதை முழுக்க இந்தச் சொல்தான்.

4/
மார்பகத்தைக் குறைக்கறது மேலோட்டமா பார்த்தா சுலபம்: அதிகமா இருக்கற சதையை எடு, தோலைத் தை. சிக்கல் முலைக்காம்பில்தான். அதை உயிரோட மேலே ஏத்தி வைக்கணும்.

காம்புக்கு ரத்தம் பல வழியா வருது. நெஞ்செலும்பு ஓரமா ஒரு வழி, அக்குள் பக்கமா ஒரு வழி, விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து இன்னொன்னு. இதில் ஒன்றையாவது முழுசா விட்டு வைக்கணும். எல்லாத்தையும் வெட்டிட்டா காம்பு கறுத்து அழுகிடும்.

5/
இதை மருத்துவ உலகம் கத்துக்க ரொம்ப நாள் ஆச்சு.

1922: சிகாகோவின் மேக்ஸ் தோரெக் காம்பையே தனியா வெட்டி எடுத்து, சதையைக் குறைச்ச பிறகு தோல் ஒட்டு மாதிரி மறுபடி ஒட்டினார். காம்பு பிழைக்கும். ஆனா தாய்ப்பால் வழி அறுந்துடும், உணர்ச்சியும் பெரும்பாலும் போயிடும்.

1928: பீசன்பெர்கர் தோலைச் சுரப்பியிலிருந்து முழுசா உரிச்சு, சுரப்பியை வெட்டிச் சுருக்கி, மறுபடி தோலை மூடினார். பல வருஷம் இதுதான் பிரபலம். ரத்த ஓட்டம் கெட்டுத் தோலும் காம்பும் அழுகினதும் நிறைய.

1930: ஷ்வார்ஸ்மன், காம்பைச் சுற்றி உள்தோலை விட்டுவச்சா அது வழியா ரத்தம் போகும்னு காட்டினார். திருப்பம் இங்கேதான்.

6/
1956இல் ராபர்ட் வைஸ், பிரா தைக்க துணி வெட்டற பேட்டர்னைப் பார்த்துத் தோல் வெட்டுக்கு ஒரு அச்சு உருவாக்கினார். தலைகீழ் 'டி' வடிவத் தழும்பு வர்றது அதனாலதான். இன்னைக்கும் புழக்கத்தில் இருக்கு.

அப்புறம் ரத்தத்துக்கு எந்தக் கதவைத் திறந்து வைக்கறதுன்னு ஆளாளுக்கு ஒரு வழி. 1960 ஸ்ட்ரோம்பெக்: இரண்டு பக்கவாட்டிலும். 1972 மெக்கிஸாக்: மேலும் கீழும். 1977இல் ராபின்ஸ், அதே வருஷம் கோர்ட்டிஸ், கோல்ட்வின்: கீழிருந்து. பிறகு மேலிருந்து, உள்பக்கமா இருந்துன்னு இன்னும் பல.

இங்கே ஒன்னைக் கவனிங்க. 'லிஃப்ட்' என்பதும் கிட்டத்தட்ட இதே அறுவைதான். சதையை அதிகம் எடுக்காம, தோலைக் குறைச்சு, காம்பை ஒரு பெடிக்கிளில் வச்சு மேலே ஏத்தறாங்க. அதனால லிஃப்டுக்குப் பிறகு வர்ற குறைப்பு, காம்பைப் பொறுத்தவரை இரண்டாவது இடமாற்றம்.

7/
பயம் இங்கேதான் ஆரம்பம். முதல் சர்ஜன் கீழ்ப்பக்கக் கதவை மட்டும் திறந்து வச்சிருந்தார்னு வைங்க. இரண்டாவது சர்ஜன் அது தெரியாம அந்தக் கீழ்ச்சதையையே வெட்டி எடுத்தா? காம்புக்கு ரத்தம் எங்கிருந்து வரும்?

1999இல் தென்னாப்பிரிக்காவின் ஹட்சன், ஸ்கோல் இருவரும் மறுகுறைப்பு செய்துகொண்டவங்களைப் பற்றி எழுதினாங்க. பழைய பெடிக்கிளை வெட்டின இடத்தில் காம்புக்குப் பாதிப்பு வந்ததைப் பார்த்து, முடிஞ்சா பழைய பெடிக்கிளையே பயன்படுத்துங்க, முடியாட்டி காம்பைத் தனி ஒட்டா வைக்கறதை யோசிங்கன்னாங்க.

அடுத்த வருஷமே, 2000இல், அமெரிக்காவின் லோசி குழு வேற பெடிக்கிள் வச்சும் பாதுகாப்பா செய்யலாம்னு தங்கள் நோயாளிகளை வச்சு எழுதினாங்க. 2012இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு, பழைய முறை தெரிஞ்சவங்களுக்கும் தெரியாதவங்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லைன்னு சொன்னது. 2017இல் ஹால்-ஃபிண்ட்லே குழு இன்னும் ஒரு படி மேலே போனாங்க: பழைய பெடிக்கிளைத் தேடி மறுபடி உருவாக்க வேண்டாம், சதை எங்கே அதிகமோ அங்கே எடுங்க, காம்பை அதிகம் நகர்த்தாதீங்க.

8/
எப்படி இது சாத்தியம்? பதியன் கதையேதான். மாசங்கள் போகப் போகக் காம்பைச் சுற்றிப் புது ரத்தக் குழாய்கள் வளரும். தழும்பு வழியாகவும் ரத்தம் கடக்கும். இன்னொன்னு: முதல் தடவையே காம்பு மேலே வந்தாச்சு, இரண்டாவது தடவை ரொம்ப தூரம் ஏத்த வேண்டியதில்லை. ஏத்தற தூரம் குறைஞ்சா ஆபத்தும் குறையும்.

ஆனா அளவோட நம்புங்க. இவை எல்லாம் சின்ன எண்ணிக்கை ஆய்வுகள், பழைய கேஸ்களைத் திரும்பிப் பார்த்து எழுதினவை, அனுபவமுள்ள கைகள் செஞ்சவை. இவை முக்கியமா குறைப்புக்குப் பின் குறைப்பு பற்றியவை. லிஃப்டில் சுரப்பி அதிகம் எடுக்கப்படாததால கணக்கு கொஞ்சம் மாறலாம்.

9/
இப்போ நம்ம ஊர். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் மார்பக அழகுச் சிகிச்சையும் இலவசம்னு ஒரு கிளினிக் தொடங்கினாங்க. அப்போதைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் தொடங்கி வச்சார். உயிர் காக்கற சிகிச்சைக்கே பணம் போதாதப்ப அழகுக்கு அரசுப் பணமான்னு விமர்சனமும் வந்தது. அதே மாசம், அதே துறைதான் இரு கைகளையும் மாற்றிப் பொருத்தற அறுவையையும் செஞ்சது.

என் கருத்து: எஸ்டேட்டில் எட்டு மணி நேரம் குனிஞ்சு தையல் மெஷினில் உட்கார்ற பொண்ணுக்கு, கழுத்தையும் முதுகையும் இழுக்கற பாரம் அழகுப் பிரச்சினை இல்லை. வசதி உள்ளவங்க தனியாரில் செஞ்சுக்கறாங்க. மத்தவங்க வலி மாத்திரை போட்டுக்கறாங்க. அந்த வித்தியாசத்தைத்தான் அரசு மருத்துவமனை குறைக்கணும்.

10/
இந்த திரெட்டை நான் எழுதினதே இந்தப் பகுதிக்காகத்தான்.

2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளி ஆவணங்களை டாக்டர் சிகிச்சை தொடங்கின நாளிலிருந்து 3 வருஷம் வச்சிருக்கணும். நீங்க கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும்.

கணக்குப் பாருங்க. 30 வயசில் லிஃப்ட், 45 வயசில் குறைப்பு. 15 வருஷ இடைவெளி, 3 வருஷக் கட்டாயம். காம்புக்கு எந்தக் கதவு திறந்திருக்குன்னு எழுதின அந்த ஒரே காகிதம் அதுக்குள்ள எப்பவோ போயிருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "மாஸ்டோபெக்ஸி செய்யப்பட்டது"ன்னு ஒரு வரிதான் இருக்கும். பெடிக்கிள் விவரம் ஆபரேஷன் நோட்டில்தான் இருக்கும்.

அதனால லிஃப்ட் செஞ்சவங்க, செஞ்சுக்கப் போறவங்க: ஆபரேஷன் நோட் நகலை எழுதிக் கொடுத்துக் கேளுங்க. போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வைங்க.

11/
இரண்டாவது அறுவைக்கு முன் சர்ஜன்கிட்ட கேட்க:

• என் பழைய பெடிக்கிள் எது? தெரியாட்டி உங்க திட்டம் என்ன?
• காம்பை எத்தனை சென்டிமீட்டர் ஏத்தணும்?
• லைப்போசக்‌ஷன் மட்டும் போதுமா?
• மேஜையில் காம்புக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சா தனி ஒட்டா மாத்துவீங்களா? உணர்ச்சி, தாய்ப்பால் என்னாகும்?
• எடுக்கற சதையை பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா? 40 தாண்டினவங்க முன்னாடியே மேமோகிராம் பற்றியும் கேளுங்க.

உங்க பக்கம்: சிகரெட் மட்டுமில்ல, வெற்றிலையோட போடற புகையிலையும் நிகோடின்தான். சின்ன ரத்தக் குழாயைச் சுருக்கிடும். மறைக்காம சொல்லுங்க, வாரக்கணக்கில் முன்னாடியே நிறுத்துங்க. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வாங்க. முதல் அறுவை சமீபத்தில் நடந்திருந்தா அவசரப்படாதீங்க, பதியன் வேர் விட நேரம் வேணும்.

அறுவைக்குப் பிறகு காம்பு நீலமாவோ கறுப்பாவோ மாறினா காலையில பார்க்கலாம்னு இருக்காதீங்க. ராத்திரியானாலும் கூப்பிடுங்க.

12/
யார்கிட்ட காட்டறதுன்னு கேட்டா: பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே நேரா போனா கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை. வடசென்னையில் ஸ்டான்லி. இரண்டிலும் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கு. எம்சிஎச் முடிச்ச பிளாஸ்டிக் சர்ஜனான்னு பார்த்துட்டுப் போங்க. "காஸ்மெட்டிக் சென்டர்" போர்டு மட்டும் போதாது.

கையில் பழைய ஆபரேஷன் நோட் இருந்தா எடுத்துட்டுப் போங்க. இல்லாட்டியும் போங்க, வழி இருக்கு. அக்கா, தங்கச்சி, அம்மா யாருக்காவது உதவும்னு தோணினா அனுப்பி விடுங்க.