கழுத்து நிற்காத பிள்ளையும் எடைத் தராசும்

சிவகாசியைப் பற்றி எழுதியவர்களுக்குக் குழந்தை என்றால் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற குழந்தைதான். 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டமும், ஒரு பிள்ளைக்கு முதலாளி இருபதாயிரம் கட்ட வேண்டும் என்று எம்.சி.மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் வேலைக்குப் பழகிய கைகளைப் பற்றியவை. எட்டு மாசமாகியும் கழுத்து நிற்காமல், கை விரியாமல் கிடக்கிற பிள்ளைக்கு இந்த வரலாற்றில் இடம் எங்கே?

தேடினால் அகப்படுவது ஒரு எடைத் தராசு. 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. அது நடந்த மாவட்டங்களில் பழைய ராமநாதபுரமும் ஒன்று. விருதுநகர் 1985இல்தான் அதிலிருந்து பிரிந்தது. ஆறு மாசம் முதல் மூணு வயசு வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துருண்டை கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எடை சரியாக இருந்து, கைதட்டினால் திரும்பிப் பார்க்காத பிள்ளையை அந்தத் தராசு என்ன செய்யும்? அட்டையில் புள்ளி வைத்து அனுப்பிவிடும்.

1995 ஊனமுற்றோர் சட்டத்தின் 25ஆம் பிரிவு, எல்லாக் குழந்தைகளையும் வருஷத்துக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்றது. கூடவே, அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்று ஒரு வாலையும் ஒட்டியது. பதினெட்டு வருஷம் வால்தான் ஆடியது. 2013இல்தான் தேசிய குழந்தைகள் நலத் திட்டம் வந்தது. அங்கன்வாடிக்கு வருஷம் இரண்டு தடவை மருத்துவக் குழு வரும். குறை தெரிந்த பிள்ளை மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்குப் போகும். அங்கே குழந்தை மருத்துவர், தசைப்பயிற்சி, பேச்சுப்பயிற்சி, காது கண் சோதனை எல்லாம் ஒரே கூரையில். ஏட்டில் உள்ள ஏற்பாடு இது.

ஆக, வாசல் அங்கன்வாடி. அது ஊருக்குள் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா? தலித், பழங்குடிக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் அங்கன்வாடி வேண்டும் என்று 2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. 2006 டிசம்பரில், ஆறு வயசுக்குட்பட்ட நாற்பது பிள்ளைகள் இருந்து மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால் மூணு மாசத்துக்குள் திறக்க வேண்டும் என்றது. கேட்காமல் யாரும் திறந்துவிடுவதில்லை, தோழர்களே.

திறந்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது. இரண்டு வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளை அங்கன்வாடியில் உட்காருவதில்லை. சத்துமாவு பாக்கெட் வாங்குவதோடு சரி. தாய் வெடி ஆபீசில் இருப்பாள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம். வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவளுக்கு அந்தச் சட்டமே இருந்ததில்லை. "லேட்டாத்தான் நடக்கும், அவுக தாத்தனும் அப்படித்தான்" என்று கிழவி சொன்னால் அறியாமை என்கிறார்கள் படித்தவர்கள். பெத்தவளுக்கு முதலிலேயே தெரியும். வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து பஸ் மாறிப் போய்வர ஒரு நாள் கூலி போகும், அதுவும் வாரம் தவறாமல்.

அமெரிக்காவில் 1986இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, மூணு வயசுக்குட்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டுக்கே பயிற்சியாளர் போவது வழக்கமானது. அங்கேயும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அது குறைவாகவே எட்டுகிறது. இங்கே மருத்துவக் குழு பகலில் வருகிறது. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை பூட்டாத வீட்டில், ஆறு வயசு அக்காள் ஆட்டுகிற தொட்டிலில் கிடக்கிறது.