வேடம் களையும் வயது: கொல்கத்தாவின் சங், குமாரி, பஹுரூபி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த செசபீக் நகரில், ஹாலோவீன் இரவில் வேடமிட்டு வீடுவீடாகச் சென்று இனிப்புக் கேட்பதற்கு 1970 முதல் வயது வரம்பு இருந்தது. 12 வயதைக் கடந்தவர் கதவைத் தட்டினால் அபராதம். சட்டத்தின் எழுத்துப்படி ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. 2019இல் நகர மன்றம் சிறைத் தண்டனையை நீக்கியது. வரம்பை 14ஆக உயர்த்தியது. வரம்பு மட்டும் இருக்கிறது. வேடமிடுதல் குழந்தைமைக்கு உரியது, பால்பற்களைப் போல அது உரிய காலத்தில் தானே உதிர்ந்துவிட வேண்டும், உதிராத இடத்தில் சட்டம் தலையிடலாம் என்னும் எண்ணமே இத்தகைய விதிகளுக்கு அடிப்படை.

கொல்கத்தாவின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிலைகொள்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொல்கத்தாவில் வேடமிட்டு வாசல்தோறும் சென்று தானியமும் காசும் கேட்டவர்கள் வளர்ந்த ஆண்கள். சிறுவர்கள் பின்னால் ஓடி வேடிக்கை பார்த்தவர்கள். அவ்வழக்கம் பெரியவர்களின் கையிலிருந்து எப்படிப் பறிபோனது என்பதைத் தொடர்ந்து சென்றால்தான், அது குழந்தைகளுக்குரியதாக எப்போது மாறியது என்பதும் விளங்கும்.

ஹாலோவீனின் கதையும் ஏறத்தாழ இதுவேதான். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் முகமூடியணிந்து வீடுவீடாகச் சென்றவர்களில் இளைஞர்கள் மிகுதி. வட அமெரிக்காவுக்கு அவ்வழக்கம் சென்றபோது வேலிகளைப் பிடுங்குவதும் வண்டிகளைக் கவிழ்ப்பதும் அவ்விரவின் அடையாளமாயின. இளைஞர்களின் அந்தக் கலகத்தை இனிப்புக் கொடுத்து அடக்கும் முயற்சி 1920களிலும் 1930களிலும் பரவியது. இன்று தொன்மையானதாகத் தோன்றும் குழந்தைகளின் ஹாலோவீன், இவ்வாறு அடக்கப்பட்ட பின் எஞ்சியதேயாகும்.

வங்கத்தில் இதற்குரிய காலம் சைத்ர மாதம். நம் பங்குனியோடு முடியும் அம்மாதத்தில் சிவனுக்குரிய காஜன் விழா நடைபெறும். உழவர், மீனவர், கைவினைஞர் எனப் பல உழைக்கும் சாதியினர் சில நாள்களுக்கோ ஒரு மாதத்துக்கோ சந்நியாசம் ஏற்பர். காவியுடுத்தி, ஒருபொழுது உண்டு, பிச்சை கேட்டுச் செல்வர். சிலர் சிவனாகவும் கௌரியாகவும் வேடமிட்டு, தாக் எனும் பெருமுரசின் ஒலியோடு தெருத்தெருவாக வலம் வருவர். இவ்வாறு கேட்டுப் பெறுவதற்கு வங்காளியில் ‘மாகொன்’ என்று பெயர். மாதக் கடைசியில் சடக் மரம் நட்டு, முதுகில் கொக்கி கோத்துச் சுழல்வர். தமிழகத்தில் செடல் என்று வழங்கும் நேர்த்திக்கடனும் இதே வகையினது. சங்கராந்தி கழிந்ததும் சந்நியாசி தன் வலைக்கோ தறிக்கோ திரும்பிவிடுவான். வேடத்துக்குத் தொடக்கமும் முடிவும் இருந்தன. ஆனால் அவற்றைப் பஞ்சாங்கம் வகுத்தது. அடுத்த ஆண்டு அதே மனிதன், ஒரு வயது கூடியவனாக, மீண்டும் காவியுடுத்துவான்.

காளிபிரசன்ன சிங்க 1862இல் வெளியிட்ட ‘ஹுதோம் பியாஞ்சார் நக்ஷா’ என்னும் நூலின் முதற் சித்திரமே கொல்கத்தாவின் சடக் விழாதான். ஆந்தையின் பெயரில் எழுதப்பட்ட அப்பகடி நூல், பேச்சு வங்காளியை உரைநடைக்குள் துணிந்து கொண்டுவந்ததற்காக மொழியியலாரும் விரும்பிப் படிப்பது. விழாவில் ‘சங்’ எனப்படும் வேடக்காரர்கள் ஊர்வலமாக வந்து, பாபுக்களின் பகட்டையும் போலிப் பக்தியையும் பாட்டாலும் அபிநயத்தாலும் கேலி செய்தனர். மீனவர் குடியிருப்பான ஜேலேபாராவும், வெண்கலத் தொழிலாளர் குடியிருப்பான கான்சாரிபாராவும் இச்சங் ஊர்வலங்களுக்குப் பேர்பெற்றவை. குடியிருப்புகளின் பெயரிலேயே சாதி இருப்பதைக் கவனிக்க வேண்டும். கேலி செய்தவரும் கேலிக்கு ஆளானவரும் யார் யார் என்பது நகரம் முழுவதற்கும் தெரிந்தே இருந்தது.

மிஷனரிகளின் நெடுநாள் வற்புறுத்தலுக்குப் பின், 1865இல் வங்கத்தின் துணைநிலை ஆளுநர் சிசில் பீடன் கொக்கிச் சுழற்சியைத் தடைசெய்தார். அதில் உடல் துன்பம் என்ற காரணமாவது இருந்தது. சங்குக்கு எதிராக எழுந்த குற்றச்சாட்டு வேறு. 1873இல் கொல்கத்தாவில் பொது ஆபாசத்தை ஒழிப்பதற்கென்றே ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. மிஷனரிகளோடு கேசவ சந்திர சேன் போன்ற பிரம்ம சமாஜத்தாரும் அதில் இணைந்தனர். நாட்டார் பாடல்கள், மலிவுப் பதிப்புகள் முதலியவற்றோடு சங் ஊர்வலங்களும் அதன் பார்வைக்குள் வந்தன. ஆங்கிலக் கல்வி பெற்ற பத்ரலோகத்தாருக்கு, முகத்தில் சாயம் பூசி ஆடும் வளர்ந்த மனிதன் கூச்சத்துக்குரியவனாகிவிட்டான். அக்கூச்சத்தில் அறவுணர்வு எவ்வளவு, தம்மைக் கேலி செய்தவர்மீதான எரிச்சல் எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். இரண்டாவதே மிகுதி என்று கருத இடமுண்டு. ஜேலேபாரா சங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெளிவந்தது. ஆனால் மரியாதைக்குரிய வீடுகளின் பண்பாட்டுக்குள் அதற்கு மீண்டும் இடம் கிடைக்கவில்லை.

சொற்களும் இச்சரிவைப் பதிந்து வைத்திருக்கின்றன. ‘சங் ஷாஜா’, அதாவது சங் வேடம் பூணுதல், இன்றைய வங்காளியில் கோமாளித்தனமாக உடுத்தித் திரிவதைக் கண்டிக்கும் தொடர். ‘பஹுரூபி’ என்பது பல வேடம் போடும் கலைஞனைக் குறிக்கும், பச்சோந்தியையும் குறிக்கும், அடிக்கடி நிறம் மாறும் மனிதனையும் குறிக்கும். தமிழிலும் இதே நிலைதான். பகல்வேஷம் என்பது ஊர்ஊராகச் சென்று பட்டப்பகலில் வேடமிட்டுப் பிழைத்த கலைஞர்களின் தொழிற்பெயர்; இன்று அது கபடத்துக்கு மறுபெயர். வேடதாரி என்ற சொல்லைப் பாராட்டாகக் கேட்டவர் அரிது. குழந்தை வேடமிடும்போது மட்டும் இச்சொற்களின் நஞ்சு இறங்கிவிடுகிறது. ‘கிருஷ்ணர் வேஷம்’ என்பதில் எவரும் கபடத்தைக் காண்பதில்லை.

பெரியவர்களிடமிருந்து விலக்கப்பட்ட வேடத்துக்குக் கொல்கத்தாவின் நடுத்தர வர்க்கம் ஓர் இடத்தை ஒதுக்கித் தந்தது. அது பள்ளி விளையாட்டு விழா. ‘ஜெமோன் குஷி ஷாஜோ’, விருப்பம்போல் வேடமிடு, என்னும் போட்டி இல்லாமல் வங்காளிப் பள்ளிகளின் விளையாட்டு விழாவோ தெருக்குழுக்களின் விழாவோ நிறைவடைவதில்லை. ஆங்கிலவழிப் பள்ளிகளில் அதற்கு ‘கோ ஆஸ் யூ லைக்’ என்று பெயர். நேதாஜி, விவேகானந்தர், காய்கறி விற்பவர், துறவி, பிச்சைக்காரர் என்று குழந்தைகள் அணிவகுப்பர். வாசலும் இல்லை, கேட்பதும் இல்லை. நடுவர் இருக்கிறார், பரிசு இருக்கிறது. பிச்சைக்கார வேடமிட்ட குழந்தை முதற்பரிசு பெறுவதற்கும் தடையில்லை. கிராமங்களில் நிலைமை சற்று வேறாக இருந்தது. ராட் பகுதியில் பங்குனித் தொடக்கத்தையொட்டி, தோல்நோய்க்குத் தெய்வமான கெண்டுவின் பெயரால் சிறுவர்கள் பாடிக்கொண்டு வீடுவீடாக அரிசியும் பருப்பும் திரட்டுவர். தாராளமாகக் கொடுப்பவருக்கு வாழ்த்தும், கையை இறுக்குபவருக்குச் சொறிசிரங்கும் அப்பாடல்களில் உண்டு. ஹாலோவீனின் இனிப்பா வம்பா என்ற பேரத்துக்கு இந்தியாவில் இதைவிட நெருங்கிய உறவு கிடைப்பது அரிது.

பெண்குழந்தைக்கு வேடம் முடியும் வயதைச் சாத்திரமே வகுத்திருக்கிறது. துர்க்கா பூஜையின் அஷ்டமியன்று சிறுமியைத் தேவியாக அலங்கரித்து வழிபடும் குமாரி பூஜைக்கு, தாந்திரிக மரபு ஒன்று முதல் 16 வரை ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பெயர் தந்துள்ளது. ஒரு வயதில் சந்தியா, இரண்டில் சரஸ்வதி, ஆறில் உமா, ஏழில் மாலினி, எட்டில் குப்ஜிகா, பத்தில் அபராஜிதா. நிபந்தனை ஒன்றே: பூப்பெய்தியிருக்கக் கூடாது. 1898இல் காஷ்மீரத்தில் விவேகானந்தர் ஒரு முஸ்லிம் படகோட்டியின் சிறுமகளை உமையாகக் கருதி வழிபட்டார் என்று அவருடன் பயணம் செய்தவர்கள் பதிந்துள்ளனர். 1901இல் பேலூர் மடத்தில் அவர் தொடங்கிய துர்க்கா பூஜையிலும் குமாரி பூஜை இடம்பெற்றது; இன்றும் அதைக் காண அங்கே பெருங்கூட்டம் கூடுகிறது. சாதியையும் சமயத்தையும் தளர்த்த முடிந்த அம்மரபு, பூப்பு என்ற எல்லையைத் தளர்த்தவில்லை. ஆற்றுவெள்ளம்போல் வந்த பூவும் மாலையும் ஒருநாள் நின்றுவிடும். நிற்பதற்கான காரணம் அச்சிறுமியின் உடலுக்குள் நிகழ்வது. எல்லை கடந்த பின்னும் வேடம் கழற்றப்படாவிட்டால் என்னாகும் என்பதற்குச் சத்யஜித் ராயின் ‘தேவி’ (1960) திரைப்படம் உள்ளது. பிரபாத் குமார் முகோபாத்யாயின் கதையை ஒட்டி எடுக்கப்பட்ட அப்படத்தில், மாமனாரின் கனவு ஒன்றினால் தேவியாக்கப்பட்ட இளம் மருமகள் மனிதப் பெண்ணாகத் திரும்ப வழியின்றிச் சிதைகிறாள்.

அதே நவராத்திரி நாள்களில், தென் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் கொலு வைப்பதுண்டு. கிருஷ்ணனாகவும் ராதையாகவும் ஆண்டாளாகவும் குழந்தைகளை அலங்கரித்து, குங்குமச்சிமிழோடு அழைப்புக்கு அனுப்புவதும், பாட்டுப் பாடிச் சுண்டல் பெறுவதும் தமிழகத்தில் உள்ளவாறே. சுண்டல் பொட்டலத்தோடு அடுத்த படியேறும் குழந்தையை ஹாலோவீன் குழந்தையிலிருந்து வேறுபடுத்துவது வழக்கத்தின் பின்பாதிதான். வேடம் பத்து வயதையொட்டி நின்றுபோகிறது. ஆயினும் பெண்ணுக்கு வீடுவீடாகச் செல்வது நிற்பதில்லை. பாவாடை தாவணியாகும், தாவணி புடவையாகும், சுண்டலோடு வெற்றிலைபாக்கும் சேரும். எழுபது வயதிலும் அவள் அழைக்கப்படுகிறாள். ஆண்குழந்தைக்குத்தான் வேடத்தோடு வாசலும் அடைபடுகிறது. மீசை அரும்பிய பையன் சுண்டலுக்காகப் படியேறினால் அவனை என்ன செய்வதென்று வீட்டாருக்குத் தெரியாது.

தமிழகத்தின் தென்கோடியில் இவ்வெல்லைகள் எவையும் செல்லாத ஓரிடம் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயில் தசராவில், விரதமிருந்து காப்புக் கட்டிய ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் காளியாக, குரங்காக, குறவராக, காவலராக, பிச்சைக்காரராக வேடமிட்டு ஊர்ஊராகக் காணிக்கை திரட்டுகின்றனர். அறுபது வயதுக்காரர் கரடி வேடமிட்டு வந்தாலும் கை நிறையக் காசு கிடைக்கும். அது அம்மனுக்குப் போகிறது. அங்கும் அண்மை ஆண்டுகளில் ஆபாச நடனங்களைத் தடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட நேர்ந்தது. 1873இன் சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

கோயிலும் இல்லாமல், குழந்தையும் அல்லாமல் வாசலுக்கு வருபவன் பஹுரூபி. சரத்சந்திரரின் ‘ஸ்ரீகாந்த’ முதற்பாகத்தில் (1917) ஒரு பஹுரூபி இரவில் புலிவேடத்தில் வர, வீட்டின் பெரிய ஆண்கள் அலறுகின்றனர். அஞ்சாமல் விளக்கோடு நெருங்கி உண்மையைக் கண்டுபிடிப்பவன் சிறுவன் இந்திரநாத். புலி, ஆண்டுதோறும் பிழைப்புக்கு வரும் பாராசத்துக்காரர் ஸ்ரீநாத். அச்சம் தெளிந்த வீட்டுத்தலைவர் தண்டனையாக அவருடைய வைக்கோல் வாலை வெட்டச் சொல்கிறார். வாசகர் சிரிக்கும் கட்டம்தான். ஆனால் ஒரு தொழிலாளியின் கருவி அங்கே அறுக்கப்படுகிறது. அச்சம் இப்போது அவ்வளவோடு நிற்பதில்லை. 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்து ராயின்பாடாவில், பிச்சையெடுத்து வாழும் நாத்பந்தி தவரி கோசாவி நாடோடிச் சமூகத்தினர் ஐவர், குழந்தை கடத்துபவர்கள் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டனர். 2024 ஜனவரியில் கங்காசாகருக்குப் புறப்பட்ட சாதுக்கள் மூவர் அதே ஐயத்தின் பேரில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் தாக்கப்பட்டனர். குழந்தைக்குத் திறக்கும் கதவு, வளர்ந்தவனைக் கண்டதும் குழந்தையைக் காப்பதற்காகவே மூடிக்கொள்கிறது.

மேற்கு வங்கத்தின் பத்தாம் வகுப்பு வங்காளிப் பாடநூலில் சுபோத் கோஷின் ‘பஹுரூபி’ சிறுகதை இடம்பெற்றுள்ளது. வேடப்போட்டியை விட்டு விலகிச் சில ஆண்டுகளே ஆன மாணவர்கள், தேர்வுக்காக அக்கதையைப் படிக்கின்றனர். வறியவரான ஹரிதா ஒருநாள் துறவி வேடத்தில் செல்வந்தர் ஜகதீஷ் பாபுவின் வீட்டுக்குச் செல்கிறார். மெய்யான துறவி என்றே நம்பிய அவர் தீர்த்த யாத்திரைக்கென்று 101 ரூபாய் தருகிறார். துறவி பணத்தைத் தொட்டால் வேடம் கெட்டுவிடும் என்பதால் ஹரிதா அதைப் படியிலேயே விட்டுவிட்டு வருகிறார். அடுப்பில் வைக்க அரிசி இல்லாத வீட்டுக்குத் திரும்பிய பின், ஜகதீஷ் பாபுவிடம் மீண்டும் போகத்தான் வேண்டும் என்கிறார்: இம்முறை பஹுரூபியாக, தமக்குரிய சில்லறை வெகுமதியைக் கேட்டு வாங்க.