பட்டியில் தங்குவோரின் பாதுகாப்பு

பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களிலிருந்து மாடுகள் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்கு நகர்கின்றன. 2023 செப்டெம்பரில் பண்ணையாளர் போராட்டம் தொடங்கியது முதல் இவ்விடங்களை அறியாதவர் இல்லை. அங்கு மாதக்கணக்கில் கூலிக்குத் தங்கும் பட்டிக்காரரைப் பற்றிய பேச்சுத்தான் இல்லை. உரிமையாளர் தமிழராயினும் முஸ்லிமாயினும் பட்டிக்காரருக்குக் கிடைப்பது மாடு படுக்கும் இடத்தருகே ஓர் ஓலைக் கொட்டில்.

காட்டு யானையின் ஆபத்து யாவரும் அறிந்ததே. எலிக்காய்ச்சல் எனப் பெயர் பெற்றிருப்பினும் அந்நோய்க் கிருமி மாட்டின் சிறுநீரிலும் வெளியேறும். சேற்றில் நிற்கும் காலில் சிறு காயம் இருந்தாலே போதும். கன்று சிதைந்த பசுவை வெறுங்கையால் தொடுவதாலும் காய்ச்சாத பாலைக் குடிப்பதாலும் புரூசெல்லோசிஸ் தொற்றக்கூடும். நுளம்புக்கு மூட்டும் புகையிலிருந்து ஒரு பொறி பறந்தால் ஓலை எரிந்துவிடும்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்துக்கு நட்டஈடு வழங்குகிறது. நள்ளிரவில் பட்டியில் உறங்கியவர் வேலையில் இருந்தாரா? எழுத்து ஒப்பந்தம் இல்லாவிடின் இக்கேள்விக்குப் பதில் தேடும் சுமை அவருடைய குடும்பத்தின் மீதே விழும். கொட்டிலை மேட்டில், மாடு அடைக்கும் இடத்துக்குத் தள்ளி அமைப்பதும், மழைக்காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி டொக்சிசைக்கிளின் மாத்திரை பெற்றுக்கொடுப்பதும் உரிமையாளரின் கடமை. இரவுக் காவலும் வேலையே என ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதற்கு அவ்வளவு செலவும் இல்லை.