கட்டுமரமும் காட்டமரானும்

"காட்டமரான் என்னும் பந்தயப் பாய்ப்படகு நம் முன்னோர் கண்டுபிடித்ததுதானே, சார்?" என்று தஞ்சையில் என் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். சொல் நம்முடையது, அதில் ஐயமில்லை. படகும் நம்முடையதா? வாருங்கள், ஆராய்வோம்.

காவிரி கடலில் கலக்கும் பகுதியில் பெரும்பாலும் திறந்த மணற்கரைதான். குழிவான படகு கரையலையில் சிக்கினால் நீர் நிரம்பிவிடும். கட்டுமரத்துக்கு அந்த அச்சமில்லை. லேசான மரங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கயிற்றால் பிணைத்தது அது. மேலே ஏறிய நீர் இடுக்குகளின் வழியே இறங்கிவிடும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தோளில் சுமந்து சென்று மேட்டில் காயவைப்பார்கள். காய்ந்த மரம் எடை குறைந்து நன்றாக மிதக்கும்.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, 1697இல் வெளியான தம் பயண நூலில், சோழமண்டலக் கரையின் இந்த மிதவையைப் பெயர் சொல்லியே விவரித்தார். அப்படி ஆங்கிலத்துக்குச் சென்ற சொல்லைப் பிற்காலத்தில் இரட்டை உடல் படகுக்கும் சூட்டிவிட்டார்கள். ஆனால், இரண்டு ஒடுங்கிய ஓடங்களை இடைவெளி விட்டு இணைக்கும் முறை பசிபிக் தீவுகளின் பாலினீசிய மக்கள் கையாண்டது. கட்டுமரத்தில் அந்த இடைவெளியே கிடையாது. ஆகவே பெயர் ஒரு கடலுடையது. வடிவம் வேறொரு கடலுடையது.

அந்த இடைவெளியால் என்ன பயன்? நம் வயலையே எண்ணிப் பாருங்கள். சேற்றில் பரம்புப் பலகையை இழுத்தால் முன்னே சேறு குவிகிறது. கலப்பைக் கொழுவோ கிழித்துக்கொண்டு போகிறது. அகலமான படகும் அப்படித்தான் தன் முன்னே அலையைக் குவிக்கிறது. 5 மீட்டர் நீளமுள்ள கனமான படகு மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும், தான் எழுப்பிய அலையிலேயே சிக்கிக்கொள்கிறது. ஒடுங்கிய படகு எழுப்பும் அலை சிறிது. ஆனால் ஒடுங்கிய படகில் பாய் கட்டினால் காற்று அதைக் கவிழ்த்துவிடுமே! இரண்டை விலக்கி இணைத்தால் இந்தச் சிக்கல் தீர்கிறது. ஏற்றக்காலில் நடப்பவர் நுனியை நெருங்க நெருங்க அவர் எடைக்குப் பலம் கூடுவதுபோல, இடைவெளி கூடக்கூடக் கவிழாமல் நிற்கும் பலமும் கூடுகிறது.

1876இல் நத்தேனியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்னும் இரட்டை உடல் படகை நியூயார்க் பந்தயத்தில் செலுத்தி மற்றப் படகுகளை முந்தினார். தோற்றவர்கள் ஆட்சேபித்தார்கள், வெற்றி பறிபோயிற்று!

காலம் மாறியது. ராட்னி மார்ச் 1967இல் இங்கிலாந்தில் வடிவமைத்த 'டொர்னாடோ' 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக் பந்தயங்களில் ஓடியது. அதன் அகலமோ சுமார் 3 மீட்டர். அப்படியே சாலையில் இழுத்துச் செல்ல இயலாது. பிரித்தோ சாய்த்தோதான் ட்ரெய்லரில் ஏற்ற வேண்டும்.

அலைப்பலகைகள் செய்துவந்த கலிபோர்னியாவின் ஹோபி ஆல்ட்டர், 1970ஐ ஒட்டி 'ஹோபி 16' படகைக் கொண்டுவந்தார். எடை சுமார் 145 கிலோகிராம். அகலம் 7 அடி 11 அங்குலம். அக்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வண்டிகளுக்குப் பொதுவான அகல வரம்பு 8 அடி. ஓர் அங்குலம் மிச்சம்! வேகத்துக்கு அகலம் வேண்டும், சாலைக்குக் குறுக்கம் வேண்டும் என்ற இழுபறியில் பிறந்த அளவு அது. மணலில் இடிக்கும் அடிப்பலகையும் அதற்கில்லை. உடல்களின் வளைவே பக்கவாட்டு நழுவலைத் தடுக்கிறது. அலையைக் கடந்து மணலிலேயே ஏற்றிவிடலாம்.

திறந்த கரை, மோதும் அலை, கையால் நகர்த்தக்கூடிய எடை: கணக்கு அதேதான். நம் மீனவர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வேறு வழியில் அதற்கு விடை கண்டிருந்தார்கள். பெருமைப்பட இந்த உண்மையே போதும். பிறர் படகை நமதென்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கவலை. 2004 சுனாமிக்குப் பின் கண்ணாடி இழைப் படகுகள் பெருகின, கட்டுமரம் அரிதாகிவிட்டது. அடுத்த முறை நாகைப் பக்கம் போகும்போது ஒரு நாடாவும் நோட்டும் எடுத்துச் செல்லுங்கள். கட்டுமரம் கண்ணில் பட்டால் மரங்களின் நீளத்தையும் தடிமனையும் அளந்து, கட்டிய முறையை மீனவப் பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். சொல் அகராதியில் பத்திரமாக இருக்கிறது. பொருளைக் காப்பது நம் பொறுப்பு.