தனிக்கச்சேரியும் பெட்டிக்காரர்களும்: சுரக்கட்டை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

மேடையில் ஒரே ஒரு ஆள். கறுப்புக் கோட்டு, கறுப்புப் பியானோ. இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்க வேண்டும். நடுவில் கைதட்டிவிட்டால் பட்டிக்காட்டான். 'மேற்கத்திய செவ்வியல் இசை' என்றதும் நமக்குள் எழும் இந்தச் சித்திரம் ஆதிகாலந்தொட்டு ஐரோப்பாவில் இருந்துவந்த ஒன்றல்ல. 1840 ஜூன் 9இல் லண்டன் ஹனோவர் சதுக்க அரங்கில் ஃபிரான்ஸ் லிஸ்ட் வாசித்தபோதுதான் பியானோ நிகழ்ச்சிக்கு 'ரிசைட்டல்' என்ற பெயர் விளம்பரமாயிற்று. ஒப்புவித்தலுக்கு இருந்த சொல் அது. பியானோவில் எப்படி ஐயா ஒப்புவிப்பது என்று அன்றைக்கே ஆட்கள் குழம்பினார்கள். அதுவரை கச்சேரி என்றால் பாட்டுக்காரர், வயலின்காரர் என்று பலர் வந்துபோகும் கதம்பம். லிஸ்ட் மற்றவர்களை மேடையைவிட்டு இறக்கினார். கச்சேரி என்றால் தானே என்று, பதினான்காம் லூயி பாணியில், முந்தைய ஆண்டு ஒரு கடிதத்தில் பெருமையடித்துக்கொண்டவர் அவர். கேட்டவர்கள் அப்போது சும்மாவும் இருக்கவில்லை. அவருடைய கையுறைக்கு அடித்துக்கொண்டார்கள். மௌனம் பிறகுதான் கட்டாயமாயிற்று.

நம்மூரிலும் இதே கதைதான், சற்றுத் தாமதமாக. 1928இல் சென்னை மியூசிக் அகாதமி. ஏறக்குறைய அதே காலத்தில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரிப் பத்ததி. மாசி வீதிகளில் சாமியோடு நடந்துகொண்டே வாசிக்கப்பட்ட நாகசுரம் ஒருபுறம் இருக்க, உட்கார்ந்து கேட்பதே உயர்ந்த கேட்டல் என்றாயிற்று. மதுரையில் 1916இல் பிறந்த வீணை சண்முகவடிவின் மகள் அந்தச் சபாவுக்குள் நுழைய எதையெல்லாம் கழற்றிப்போட வேண்டியிருந்தது என்பதைப் பலரும் எழுதியாயிற்று.

மதுரைக்குச் சுரக்கட்டை வந்த வழி வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷன் 1834இல் இங்கே வந்தது. அதன் பாதிரி எட்வர்ட் வெப் 1853இல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சபைகளுக்காகத் தொகுத்து அச்சிட்டார். ஞானப்பாட்டுக்கும் கீர்த்தனைக்கும் கூடவே ஒலித்தது கால்மிதி ஆர்கனும் பிறகு ஆர்மோனியமும். பிரான்சில் 1842இல் காப்புரிமை பெற்ற பெட்டி இது. அதன் கால்மிதியை எடுத்துவிட்டுக் கைத்துருத்தி வைத்து, தரையில் உட்கார்ந்து வாசிக்கத் தோதாக்கியவர்கள் கல்கத்தாக்காரர்கள். பியானோவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய முடியுமா? பெரிய கச்சேரிப் பியானோ அரை டன் எடை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கிய காலத்தில் ஆர்மோனியம் இல்லாமல் நாடகமே இல்லை. ராஜபார்ட் குரல் உயர்த்தினால் பெட்டிக்காரரும் கூடவே ஏற வேண்டும். தனியாளுக்கு அங்கே இடமில்லை.

இந்தப் பெட்டியைத்தான் அகில இந்திய வானொலி 1940இல் வெளியேற்றியது. அதற்கு இரண்டாண்டு முன்பே, தில்லி வானொலியில் மேற்கத்திய இசையைக் கவனித்த ஜான் ஃபௌல்ட்ஸ் என்ற வெள்ளைக்காரர் ஆர்மோனியத்தைத் தாக்கி எழுதியிருந்தார். தேசியவாதிகளும் தலையாட்டினார்கள், தாகூருக்கும் சம்மதம். சொன்ன காரணம் பொய்யில்லை: எண்சுரத்துக்குள் பன்னிரண்டே கட்டை, இரண்டு கட்டைக்கு நடுவே வழுக்கும் கமகம் அதில் வராது. ஆனால் பியானோவுக்கும் அதே பன்னிரண்டுதானே? மேற்கத்திய இசை நிகழ்ச்சிகளில் பியானோ தாராளமாக ஒலித்தது. சென்னை நிலையத்தில் ஹேண்டல் மானுவேல் அப்பிரிவை நீண்டகாலம் நடத்தினார். ஐரோப்பியச் செவ்வியல் தனி, இந்தியச் செவ்வியல் தனி, இரண்டும் சுத்தம். நடுவில் நாடகக் கொட்டகையிலும் கோயில் பஜனையிலும் புழங்கிய கலப்புச் சரக்குக்குத்தான் தீட்டு. 1971 வாக்கில் தளரும்வரை முப்பதாண்டு இப்படியே ஓடியது.

அந்த முப்பதாண்டில் பெட்டி எங்கே போயிற்று? கட்சி மேடைக்கு. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர் பாவலர் வரதராசன். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடம் கம்யூனிஸ்ட் கட்சிக்காக அவர் பாடினார். அவர் குழுவில் வளர்ந்த தம்பி ராசையா 1960களின் கடைசியில் சென்னை போனார். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறை, அதில் ஒரு பியானோ, தன்ராஜ் மாஸ்டர். சுரக்குறி எழுத்து, ஒத்திசை, பாக் எல்லாம் அங்கேதான் படிப்பாயிற்று. பெட்டியில் பழகிய விரல் பியானோவுக்கு மாறுவது பெரிய தாவல் இல்லை. கட்டை அதே கட்டை. சபாவின் படிக்கட்டு ஏறாமலே செவ்வியலுக்குள் நுழைய ஒரு பின்வாசல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

2025 மார்ச் 8இல் லண்டன் அப்பல்லோ அரங்கில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்ஃபனியை வாசித்தது. (அவரது இன்றைய அரசியல் வேறு பஞ்சாயத்து.) ஊடகங்கள் 'தனி ஒருவன்' கதையையே திரும்பச் சொல்லின. லிஸ்ட் செய்தது மறுபடி நடந்தது: பாவலரும் தன்ராஜும் பெயர் தெரியாத பெட்டிக்காரர்களும் மேடையைவிட்டு இறங்கினார்கள்.

எதிர்த்திசையில் நடந்தவர் ஒருவர் மதுரையிலேயே இருந்தார். அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மேற்கத்திய இசை நன்றாகத் தெரிந்தவர். தெரிந்துகொண்டேதான் ஞானப்பாட்டையும் கீர்த்தனையையும் ஒதுக்கினார். தலித் மக்கள் பாடும்போதே மாற்றிக்கொள்ள முடிகிற பாட்டு வேண்டும், எழுதிவைத்ததை எழுதியபடி திருப்பிச் சொல்லும் பாட்டு அல்ல என்பது அவர் வாதம். அவர் வாதத்தில் பாதி எனக்கு உடன்பாடு. மற்றப் பாதிக்குப் பண்ணைப்புரத்துப் பெட்டி குறுக்கே நிற்கிறது: எழுதிவைத்த இசையைப் படிக்கத் தெரிந்ததால்தான் அந்தக் கதவு திறந்தது. அப்பாவுவிடம் இதைச் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். அவருடைய கிராமிய இசை வழிபாட்டில் நாட்டார் மெட்டு இருந்தது, ஒரே உலையில் பொங்கித் தின்கிற பேச்சு இருந்தது. சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கிவைத்திருந்த பறையும் திருச்சபைக்குள்ளே வந்து உட்கார்ந்தது.