நிவாரணப் பணம் கடக்கும் கைகள்: பிரிட்டனின் மனிதாபிமான உதவியும் சாதியும்

ஏதேனும் ஒரு நாட்டில் நிலநடுக்கமோ போரோ பஞ்சமோ நேரும்போது, பிரிட்டன் இத்தனை கோடி பவுண்டு உதவி அறிவித்தது என்ற செய்தி வெளியாகிறது. அந்தப் பணம் பாதிக்கப்பட்டவரைச் சென்றடையும் முன் எத்தனை கைகளைக் கடக்கிறது, அவற்றுள் எந்தக் கையில் சாதி நுழைகிறது என்பதைச் செய்திகள் சொல்வதில்லை. நிவாரணத்தில் பாகுபாட்டை எதிர்த்துப் போராடும் நாம் இந்தப் பாதையை அறிந்திருப்பது அவசியம்.

சட்ட அடிப்படை

பிரிட்டனின் வெளிநாட்டு உதவி 2002ஆம் ஆண்டின் பன்னாட்டு வளர்ச்சிச் சட்டத்தின்கீழ் வழங்கப்படுகிறது. இயற்கையாலோ மனிதராலோ நேர்ந்த பேரிடரின் விளைவுகளைத் தணிக்க எந்த நபருக்கும் அமைப்புக்கும் அமைச்சர் உதவி வழங்கலாம் என்கிறது அதன் 3ஆம் பிரிவு. ‘வழங்கலாம்’ என்பதே சட்டத்தின் சொல். அது அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. பாதிக்கப்பட்டவருக்கு உரிமை எதையும் தரவில்லை.

1997 முதல் இப்பணியைத் தனி அமைச்சகம் ஒன்று கவனித்துவந்தது. 2020 செப்டம்பரில் அது வெளியுறவு அமைச்சகத்துடன் இணைக்கப்பட்டது. தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்க வேண்டும் என 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகிறது. ஆயினும் 2021இல் அந்த அளவு 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. 2027இல் அது 0.3 ஆகும் என 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

பணம் செல்லும் வழிகள்

முதல் வழி, பன்னாட்டு அமைப்புகள். உலக உணவுத் திட்டம், யுனிசெஃப், அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம், செஞ்சிலுவை இயக்கம் ஆகியவற்றுக்கும், ஐ.நா.வின் மைய அவசர நிதிக்கும் பிரிட்டன் பணம் அளிக்கிறது.

இரண்டாவது வழி, தொண்டு நிறுவனங்கள். முன்கூட்டியே தகுதி சரிபார்க்கப்பட்ட நிறுவனங்களுக்குப் பேரிடர் நேர்ந்தவுடன் நிதி வழங்கும் ஏற்பாடு 2012இல் உருவாக்கப்பட்டது. பொதுமக்கள் திரட்டும் நன்கொடைக்கு ஈடாக அரசும் பணம் சேர்ப்பதுண்டு.

மூன்றாவது வழி, நேரடி உதவி. மீட்புக் குழுக்கள், மருத்துவர்கள், கூடாரப் பொருள்கள், சில வேளைகளில் இராணுவம் ஆகியவை இதில் அடங்கும். 2013இல் ஹையான் புயல் தாக்கிய பிலிப்பைன்சுக்குப் பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. 2015 நிலநடுக்கத்தின்போது நேபாளத்துக்கென மூன்று சினூக் ஹெலிகாப்டர்களை அனுப்பியது. நேபாள அரசு அனுமதி தராததால் அவை தில்லியிலிருந்தே திரும்பின. பெறும் நாட்டின் ஒப்புதல் இன்றி நேரடி உதவி நுழைய இயலாது என்பதற்கு இது சான்று.

கடைசிக் கை

லண்டனில் கையெழுத்தாகும் ஒப்பந்தம் ஐ.நா. அமைப்புக்கும், அங்கிருந்து தேசியத் தொண்டு நிறுவனத்துக்கும், பின்னர் மாவட்ட அமைப்புக்கும் கைமாறி, இறுதியில் ஓர் ஊர்க் குழுவிடம் வந்து நிற்கிறது. பயனாளிகளின் பட்டியலை அங்குதான் எழுதுகிறார்கள். அக்குழுவில் யார் அமர்கிறார்கள், கணக்கெடுப்பவர் சேரிக்குள் வருகிறாரா, எது ‘இழப்பு’ எனக் கொள்ளப்படுகிறது என்பவையே உதவி யாருக்குச் சேரும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

2004 சுனாமிக்குப் பின் அயல்நாட்டு அரசுகளின் உதவியை இந்தியா ஏற்க மறுத்தது. எனினும் பிரிட்டிஷ் மக்கள் திரட்டிய நன்கொடை தொண்டு நிறுவனங்கள் வழியாகத் தமிழகக் கடற்கரைக்கு வந்தது. அங்கு இழப்பு என்பது பெரிதும் படகும் வலையும் என்றே கொள்ளப்பட்டது. கடலோரத்தை நம்பிக் கூலி வேலை செய்த தலித் மக்கள் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றனர். நேபாளத்திலும் 2015க்குப் பின் வீட்டு மானியம் பெற நில உரிமைச் சான்று கேட்கப்பட்டது. நிலமற்ற தலித் குடும்பங்களால் அதனைக் காட்ட இயலவில்லை. இரண்டு இடங்களிலும் சாதியின் பெயரைச் சொல்லி எவரையும் விலக்க வேண்டிய தேவையே எழவில்லை. விதியே அந்த வேலையைச் செய்து முடித்தது.

சட்டத்தின் மௌனம்

மனிதாபிமான உதவி பாரபட்சமின்றி வழங்கப்பட வேண்டும் என ஐ.நா. பொதுப் பேரவை 1991இல் தனது 46/182ஆம் தீர்மானத்தில் வகுத்தது. தேவை மட்டுமே அளவுகோல் என்பது இதன் பொருள். ஆனால் தேவையைக் கணக்கிடும் முறையிலேயே பாகுபாடு இருக்குமாயின் இந்நெறி காகிதத்தோடு நின்றுவிடும்.

இந்த உண்மையைப் பாலினம் தொடர்பாகப் பிரிட்டன் ஏற்றுக்கொண்டுள்ளது. பேரிடர் உதவி வழங்கும் முன், பாலினம் சார்ந்த தேவை வேறுபாடுகளைக் கருத்தில் கொள்வதன் விரும்பத்தக்க தன்மையை அமைச்சர் சீர்தூக்க வேண்டும் என்ற கடமை 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மேற்சொன்ன 3ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. சாதி குறித்து அத்தகைய கடமை இல்லை. வம்சாவளிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002இல் தனது 29ஆம் பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியது. அதற்கு அடிப்படையான உடன்படிக்கையைப் பிரிட்டன் 1969இலேயே ஏற்புறுதி செய்தது. ஆயினும் உள்நாட்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்குமாறு 2013இல் நாடாளுமன்றம் விதித்த கடமையைக்கூட, 2018இல் அரசு நிறைவேற்ற மறுத்துவிட்டது.

நாம் கேட்க வேண்டியவை

பாலினத்துக்கு இயன்றது சாதிக்கும் இயலும். தெற்காசியாவில் செலவாகும் ஒவ்வொரு நிதி ஒப்பந்தத்திலும் மூன்று நிபந்தனைகள் இடம்பெற வேண்டும். பயனாளிகளின் கணக்கெடுப்பு சாதிவாரியாக இருக்க வேண்டும். ஆனால் தனிநபர் விவரம் காக்கப்பட வேண்டும். பட்டியல் எழுதும் குழுவில் தலித் பெண்களும் ஆண்களும் இருக்க வேண்டும். நில ஆவணம் இல்லை என்பது மறுப்புக்குக் காரணமாகக் கூடாது.

சட்டம் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டோரின் முறையீட்டை வரவேற்றுத் தீர்வு காண வேண்டும் என்பது, பெரிய தொண்டு நிறுவனங்கள் பலவும் ஏற்றுள்ள மனிதாபிமான அடிப்படைத் தரநெறியின் ஒரு வாக்குறுதி. அடுத்த வெள்ளத்தின்போது விடுபட்ட பெயர்களைத் தெருவாரியாக எழுதி, நாளும் இடமும் குறித்து, பணம் தந்தவரிடமும் பகிர்ந்தவரிடமும் எழுத்துவழி முறையிடுவோம். பட்டியலில் இல்லாத பெயர், முறையீட்டில் இருக்கட்டும்.